பிள்ளைகள் கூட்டிய சட்டசபை

சென்ற ஆண்டு நம் சங்கத்தின் மகாசபை எவ்வாறு முடிந்தது என்பதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வரவு செலவுக் கணக்கில் பொங்கல் விழாப் பந்தல் செலவைக் குறித்து ஒருவர் எழுந்து கேட்டார். அவருக்கு விடை கிடைக்குமுன் மற்றொருவர் எழுந்தார். பிறகு எழாதவர் எவரும் இல்லை. தலைவர் மேசையைத் தட்டத் தட்ட இரைச்சல் வளர்ந்ததேயொழியக் குறையவில்லை. இரவு ஒன்பது மணிக்கு நாற்காலி ஒன்றின் கால் ஒடிந்தது. அத்துடன் கூட்டமும் கலைந்தது. கணக்கு ஏற்கப்பெற்றதா இல்லையா என்பது நடவடிக்கைக் குறிப்பில் இன்றுவரை தெளிவாக இல்லை. அக்குறிப்பை எழுதியவர் நாமே ஆதலின் இதனை உறுதியாகக் கூறுகிறோம்.

மறுநாள் மாலை அலுவலகத்திலிருந்து குவார்ட்டர்ஸுக்குத் திரும்பும் வழியில், வேப்பமரத்தடியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருக்கக் கண்டோம். ஒருவன் கவிழ்த்து வைத்த வாளியைக் குச்சியால் தட்டினான். மற்றவர்கள் அவனைச் சூழ்ந்து நின்று, "கணக்கைக் காட்டு! கணக்கைக் காட்டு!" என்று கூவினர். இறுதியில் ஒருவன் மரப்பெட்டி ஒன்றை உதைத்துத் தள்ள, எல்லோரும் சிரித்துக்கொண்டே ஓடினர். என்ன விளையாட்டு என்று வினவினோம். "மகாசபை விளையாட்டு" என்றனர். அவர்களுள் நம் மகனும் இருந்தான். "அப்பா, நேற்று நீங்கள் கத்தின மாதிரியே நானும் கத்தினேன்" என்று பெருமையோடு சொன்னான்.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. ஜனநாயகம் என்றால் இன்னதென்று பள்ளிக்கூடம் கற்பிப்பதற்கு முன்பே நாம் நம் பிள்ளைகளுக்குக் கற்பித்துவிட்டோம். பாடம் பிழையாக அமைந்துவிட்டது. பிழையான பாடத்தைத் திருத்தும் பொறுப்பும் நம்முடையதே என்று தோன்றிற்று. இவ்வாண்டு முழுதும் சங்கக் கூடத்தில் நடந்துவரும் பிள்ளைகள் சபைக்கு வித்து இதுவே. வெளியூர்த் தமிழ் அன்பர்கள் சிலர் அச்சபை பற்றி எழுதிக் கேட்டமையால், நடந்ததை நடந்தபடி இங்கே சொல்ல முற்படுகிறோம். நாம் பத்தாம் வகுப்புத் தேறிய ஒரு ரயில்வே குமாஸ்தா. சட்டம் பயின்றவர் அல்லோம். பிழை இருப்பின் பொறுத்தருள்க.

அரசு வகுத்த திட்டம்

மாதிரிச் சட்டசபை நம் நாட்டிற்குப் புதிதன்று. 1962ஆம் ஆண்டு பம்பாயில் கூடிய நான்காவது அகில இந்தியக் கொறடாக்கள் மாநாடு, கல்விநிலையங்களில் மாதிரிப் பார்லிமெண்டு நடத்துவதை அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்படி 1966-67இல் டில்லிப் பள்ளிகளில் இளைஞர் பார்லிமெண்டுப் போட்டி தொடங்கப்பெற்றது. 1988இல் கேந்திரிய வித்யாலயங்களுக்கும், 1997-98இல் நவோதய வித்யாலயங்களுக்கும் பல்கலைக்கழகங்களுக்கும் அது விரிந்தது. 2019 நவம்பர் 26ஆம் நாள், அரசியலமைப்பு நாளன்று, மற்றக் கல்விநிலையங்களும் சேர்ந்துகொள்ளத்தக்க இணையதளம் ஒன்றும் திறக்கப்பெற்றது. பதினெட்டு வயதில் வாக்குரிமை பெறும் நாட்டில், பதினைந்து வயதிலேயே அவ்வுரிமைக்குப் பயிற்சி தருவது அறிவுடைமை என்பதில் ஐயமில்லை.

எனினும் ஒரு குறையைச் சொல்லாமல் இருப்பதற்கில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம் தமையனார் மகள் பங்குகொண்ட மாதிரிப் பார்லிமெண்டு ஒன்றைப் பார்க்கச் சென்றோம். பிள்ளைகள் வெள்ளுடை அணிந்து வரிசையாக வந்தமர்ந்தனர். சபாநாயகர் நுழைந்ததும் அனைவரும் எழுந்து வணங்கினர். ஒழுங்கு மிக நன்றாக இருந்தது. கேள்வி நேரம் தொடங்கிற்று. எதிர்க்கட்சி வரிசையில் ஒரு பையன் எழுந்தான். தன் கேள்வியை மறந்து திகைத்து நின்றான். எதிர்வரிசையில் இருந்த அமைச்சரோ சிறிதும் தயங்கவில்லை. கேட்கப்படாத அக்கேள்விக்கு, மனப்பாடம் செய்துவைத்த விடையை ஒரு சொல்லும் பிசகாமல் ஒப்பித்துவிட்டு அமர்ந்தார். மண்டபம் முழுதும் கைதட்டியது. நாமும் தட்டினோம். வீடு திரும்பும்போதுதான், நாம் பார்த்தது நாடகம் என்பது உறைத்தது.

உண்மையான மக்களவையில் கேள்வி நேரத்தின் உயிர் எங்கே இருக்கிறது? நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் நாளொன்றுக்கு இருபது பட்டியலில் இடம்பெறுகின்றன. அவற்றிற்கான விடைகளை அதிகாரிகள் முன்கூட்டியே எழுதித் தந்துவிடுவர். ஆனால் அவ்விடையைக் கேட்டபின் உறுப்பினர் எழுப்பும் துணைக்கேள்வி இன்னதாக இருக்கும் என்று அமைச்சர் அறியார். அந்த நொடியில் அவர் தம் பொருளை அறிந்தவரா, காகிதத்தை மட்டும் அறிந்தவரா என்பது வெளியாகிவிடும். ஆகவே நம் சபையில் ஒத்திகை கூடாது, எவரும் வசனம் எழுதித் தரலாகாது என்று முதல் விதியாக வகுத்தோம்.

குடமும் ஓலையும்

சோழநாட்டுப் பெருமை பேசாத சங்கக் கட்டுரை உண்டோ என்று சிலர் நகைக்கலாம். எனினும் உத்திரமேரூரை இங்கே நினைக்காமல் இருக்க இயலாது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921ஆம் ஆண்டுகளை ஒட்டி வெட்டப்பெற்ற அவ்வூர்க் கல்வெட்டுகள், ஊர்ச்சபை வாரியங்களுக்கு உறுப்பினரைக் குடவோலை முறையால் தேர்ந்த விதத்தை விரிவாகச் சொல்லுகின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவர்தம் உறவினரும் குடத்தில் பெயரிடத் தகுதியற்றவர் எனவும் விதித்தனர். சென்ற ஆண்டு மகாசபையை நினைத்துக்கொண்டு இவ்விதியைப் படித்தபோது நம் முகம் சற்றே வாடியது.

பெருமையைச் சொன்ன வாயால் குறையையும் சொல்ல வேண்டும். குடத்தில் பெயரிடுவதற்குச் சொந்த நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் வேண்டும். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள் இருத்தல் வேண்டும். நிலமற்றவர்க்கும் பெண்டிர்க்கும் அக்குடத்தில் இடமில்லை. வயது வந்தோர் அனைவர்க்கும் வாக்கு என்பது 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் கொடை. அன்று 21 என்றிருந்த வயது 1989 மார்ச் 28 முதல் 18 ஆயிற்று. இவ்விரண்டையும் பிள்ளைகளுக்குச் சேர்த்தே சொன்னோம். பின்னர் இதுவே நம்மை எங்கே கொண்டுவந்து நிறுத்தும் என்பதை அப்போது அறிந்தோமில்லை.

சபை கூடிற்று

பதின்மூன்று முதல் பதினேழு வயதுவரையுள்ள இருபத்தேழு பிள்ளைகள் பெயர் தந்தனர். மாதத்தின் இரண்டாம், நான்காம் ஞாயிறுகளில் மாலை நான்கு முதல் ஆறு மணிவரை சபை. சங்கத்துப் பித்தளைக் குடத்தில் சீட்டுகளை இட்டு எடுத்தோம். ஒருவர் சபாநாயகர், பதினால்வர் ஆளுங்கட்சி, பன்னிருவர் எதிர்க்கட்சி. மூன்று கூட்டங்களுக்கு ஒருமுறை மறுபடியும் சீட்டு. இன்று ஒரு மசோதாவை எதிர்த்துப் பேசியவன் நாளை அதையே ஆதரித்துப் பேச நேரலாம். எதிராளியின் வாதத்தை அவனைவிட நன்றாகச் சொல்லத் தெரிந்தவனே தன் வாதத்தையும் நன்றாகச் சொல்லுவான் என்பது அனுபவத்தில் கண்டது.

முதற் கூட்டத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது நன்று. நால்வர் பேசினர்; மற்றவர் வேர்க்கடலை தின்றனர். இரண்டாம் கூட்டத்தில் மூன்று விதிகளை மட்டும் கரும்பலகையில் எழுதினோம். பேசுவோர் சபாநாயகரை நோக்கியே பேச வேண்டும், எதிராளியை நோக்கிப் பேசலாகாது. ஒருவருக்கு மூன்று நிமிடம்; அடுக்களைக் கடிகாரமே அளவு. சபாநாயகர் மணி அடித்தால் பேச்சு நிற்க வேண்டும். முதல் விதி செய்த நன்மையை எழுத்தில் சொல்ல இயலாது. ஒருவன் கோபத்தை நேரே அடுத்தவன் முகத்தில் எறியாமல், நடுவில் இருக்கும் ஒருவர் வழியாக அனுப்ப நேரும்போது, பாதிக் கோபம் வழியிலேயே தீர்ந்துவிடுகிறது.

மொழி வேறோர் இடர்ப்பாடு. நம் பிள்ளைகளுக்குப் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், தெருவில் மராத்தியும், அடுக்களையில் மட்டுமே தமிழ். அடுக்களைத் தமிழில் "பசிக்கிறது" என்று சொல்லலாம். "தங்கள் கருத்தை ஏற்க இயலவில்லை" என்று சொல்ல அவர்களுக்குச் சொல் இல்லை. "அதெல்லாம் கிடையாது" என்ற ஒன்றே அவர்கள் அறிந்த மறுப்பு. துணைக்கேள்வி, ஒழுங்குப் பிரச்சினை, கவன ஈர்ப்புத் தீர்மானம், திருத்தம், வெளிநடப்பு என்று சொற்களை எழுதித் தொங்கவிட்டோம். பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொண்டனர். ஒரு தாயார் நம்மிடம் வந்து, "பாகற்காய்க் கறி வைத்தால், 'தாயார் அவர்களின் முடிவை ஏற்க இயலவில்லை' என்கிறானே!" என்று முறையிட்டார். அவர் முறையிட்ட குரலில் மகிழ்ச்சியே மிகுந்திருந்தது.

நம் பொருளாளர் ஒருமுறை பார்க்க வந்து, பழக்கதோஷத்தால் நடுவில் எழுந்து ஆலோசனை சொல்லலானார். சபாநாயகராக இருந்த பதினான்கு வயதுச் சிறுமி மணியை அடித்தாள். "மாமா, பார்வையாளர் பேசக்கூடாது, உட்காருங்கள்" என்றாள். அவர் உட்கார்ந்தார். முப்பதாண்டுகளாகச் சங்கக் கூட்டங்களில் அவரை உட்காரவைத்தவர் எவரும் இல்லை.

அலைபேசி மசோதா

ஐந்தாம் கூட்டத்தில் ஆளுங்கட்சி ஒரு மசோதா கொண்டுவந்தது. பதினாறு வயதிற்குட்பட்டோர் இரவு ஒன்பது மணிக்குமேல் அலைபேசி தொடலாகாது என்பது அதன் சாரம். சீட்டின் விளையாட்டால், அலைபேசியைக் கீழே வைத்தறியாத பையன் ஒருவனே அதை முன்மொழிய வேண்டியதாயிற்று. அவன் பேச்சு சிறப்பாக இருந்தது; நோயின் இயல்பை நோயாளியைவிட எவர் அறிவார்?

மூன்று வாசிப்புகளில் இரண்டாம் வாசிப்பு, ஒவ்வொரு பிரிவாக எடுத்து ஆராயும் நிலை. அங்கே எதிர்க்கட்சியினர் ஒரு திருத்தம் கொணர்ந்தனர்: இரவு உணவு வேளையில் பெற்றோரும் அலைபேசி தொடலாகாது. வாக்கெடுப்பில் ஆளுங்கட்சிப் பெண் ஒருத்தி கொறடாவின் கட்டளையை மீறித் திருத்தத்திற்கு வாக்களித்தாள். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று என்று சமமாயிற்று.

அரசியலமைப்பின் 100ஆம் விதிப்படி, சபாநாயகர் தொடக்கத்தில் வாக்களிப்பதில்லை. வாக்குகள் சமமாகும்போது மட்டுமே அவர் தம் வாக்கைச் செலுத்துகிறார். அன்று சபாநாயகராக இருந்தவன் பதினாறு வயதுப் பையன். அத்திருத்தம் அவன் மனத்திற்கு உகந்தது என்பதை நாம் அறிவோம். அவன் தந்தையார் அலைபேசியோடு உண்பவர். சிறிது நேரம் சும்மா இருந்தான். பிறகு, "சபை பெரும்பான்மையால் ஏற்காத மாற்றத்தை என் ஒருவன் வாக்கால் நுழைப்பது முறையாகாது, எதிராக வாக்களிக்கிறேன்" என்றான். எவரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. இங்கிலாந்துப் பார்லிமெண்டின் சபாநாயகர்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் மரபும் ஏறத்தாழ இதுவே என்று பின்னர் அவனுக்குச் சொன்னபோது வெட்கத்தோடு சிரித்தான்.

கட்டளையை மீறிய பெண்ணின் பதவி என்ன ஆகும் என்று ஒருவன் கேட்டான். 1985இல் சேர்க்கப்பெற்ற பத்தாம் அட்டவணையை எடுத்துச் சொன்னோம். கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களிப்பவர், கட்சி பதினைந்து நாட்களுக்குள் அதைப் பொறுத்துக்கொள்ளாவிடில், தம் இடத்தை இழக்க நேரும். "அப்படியானால் மனச்சாட்சிப்படி வாக்களிக்க முடியாதா?" என்றாள் அவள். "விலைக்குப் போகிறவர்களை வேறெப்படித் தடுப்பது?" என்றான் மற்றொருவன். அரைமணி நேரம் வாதம் நடந்தது. நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. நாட்டில் பெரியோரும் இன்னும் இதைத்தானே வாதித்துக்கொண்டிருக்கின்றனர்?

சங்கிலியை இழுத்த வழக்கு

நான்கு ஞாயிறுகளைச் சபைக்கு மாற்றாக நீதிமன்றம் நடத்தச் செலவிட்டோம். வழக்கை நாமே புனைந்தோம். நமக்குத் தெரிந்தது ரயில் ஒன்றே ஆதலின் அதுவும் ரயில் வழக்காக அமைந்தது. வண்டி பல்லார்ஷா நிலையத்தில் நிற்கிறது. நேரம் இரவு ஏழு நாற்பது. எழுபது வயது மூதாட்டி தண்ணீர் பிடிக்க இறங்குகிறார். வண்டி புறப்படுகிறது. மகன் அபாயச் சங்கிலியை இழுக்கிறான். 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 141ஆம் பிரிவின்படி, தக்க போதிய காரணமின்றிச் சங்கிலியை இழுப்போர்க்கு ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். முதற் குற்றத்திற்கு, தனிப்பட்ட காரணம் தீர்ப்பில் சொல்லப்பெற்றாலன்றி, ஐநூறு ரூபாய்க்குக் குறையாத அபராதம் உண்டு. வழக்கின் உயிர்நாடி "தக்க போதிய காரணம்" என்னும் சொற்களில் இருக்கிறது.

உண்மையைச் சொல்லிவிடுகிறோம். ரயில்வே ஊழியர் எவரும் சங்கிலி இழுத்தவனைக் குற்றவாளியாகவே காண்பர். ஒரு வண்டி நின்றால் பின்னால் எத்தனை வண்டிகள் நிற்கும் என்பது நமக்குத் தெரியும். மகனுக்கு ஐநூறு ரூபாய் அபராதம் நிச்சயம் என்று எண்ணியே வழக்கை எழுதினோம்.

1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டம் விலகி, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் நடைமுறையில் உள்ளது. எனினும் சாட்சியை விசாரிக்கும் அடிப்படை முறை மாறவில்லை. தன் தரப்புச் சாட்சியை முதல் விசாரணை செய்யும்போது, விடையைக் கேள்விக்குள்ளேயே வைத்துக் கேட்கலாகாது. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது கேட்கலாம். இந்த ஒரு வேறுபாட்டைப் பிள்ளைகள் பற்றிக்கொள்ள முழு ஞாயிறு சென்றது. பற்றிக்கொண்ட பிறகோ, வீட்டில் தந்தையர் கேட்கும் கேள்விகளையெல்லாம் "இது விடையைத் திணிக்கும் கேள்வி" என்று ஆட்சேபிக்கத் தொடங்கினர்.

கார்டு சாட்சி சொன்னார். 2022 முதல் இப்பதவிக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். பிள்ளைகளும் நாமும் இன்னும் கார்டு என்றே சொல்கிறோம். மூதாட்டி எந்தப் படியிலும் தொங்கவில்லை, பிளாட்பாரத்தில் பத்திரமாகவே நின்றார் என்பது அவர் வாக்குமூலம். டிராக்மேன் ஒருவரின் மகன் எதிர்த்தரப்பு வக்கீல். அவன் எழுந்து மெல்லக் கேட்டான்: "நீங்கள் இருந்தது கடைசிப் பெட்டியில் அல்லவா? அந்த அம்மாள் இருந்த பெட்டிக்கும் உங்களுக்கும் இடையில் பன்னிரண்டு பெட்டிகள் அல்லவா? ஒரு பெட்டி ஏறத்தாழ 24 மீட்டர் அல்லவா? இருட்டில், கூட்டத்தின் ஊடே, 280 மீட்டருக்கு அப்பால் படியில் இருந்த கால் உங்களுக்குத் தெரிந்ததா?" கார்டாக நடித்தவன் நம்மைப் பார்த்தான். நாம் கூரையைப் பார்த்தோம்.

அடுத்த சாட்சி சக பயணி. மகன் வேண்டுமென்றே, விளையாட்டாகச் சங்கிலியை இழுத்தான் என்று உறுதியாகச் சொன்னான். "பார்த்தீர்களா?" "பெட்டியில் எல்லோரும் சொன்னார்கள்." "நீங்கள் பார்த்தீர்களா?" "எல்லோருக்கும் தெரியும்." "ஐயா, நீங்கள் பார்த்தீர்களா?" நெடுநேரம் கழித்து, "இல்லை" என்றான். கூடம் முழுதும் அமைதி நிலவிற்று. அலைபேசியில் வந்ததையெல்லாம் அடுத்த நொடியே பத்துப் பேருக்கு அனுப்பும் இக்காலத்தில், "நீ பார்த்தாயா?" என்ற அந்த ஒரு கேள்வியைவிடப் பெரிய பாடம் பிள்ளைகளுக்கு வேறில்லை என்று நினைக்கிறோம். பெரியோர்க்கும் வேறில்லை.

குற்றம் சாட்டப்பட்டவனாக நடித்தவன் வாய் திறக்கவில்லை. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லும்படி எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் 20ஆம் விதியின் பாதுகாப்பை அவன் வக்கீல் எடுத்துரைத்தான். "குற்றமில்லாதவன் ஏன் பேசாமல் இருக்கிறான்?" என்று பின்வரிசையில் ஒரு பெரியவர் முணுமுணுத்தார். மாஜிஸ்திரேட்டாக இருந்த பதினைந்து வயதுச் சிறுமி தன் தீர்ப்பில் அதற்கும் விடை சொன்னாள். காரணம் போதியதன்று என்று மெய்ப்பிக்க வேண்டியது வழக்குத் தொடுத்தவர் கடமை; மௌனத்தைக் கொண்டு அக்கடமையை நிரப்ப இயலாது; கார்டு பார்த்திருக்க வாய்ப்பில்லை, பயணி பார்க்கவே இல்லை; ஆதலால் ஐயத்தின் பலனைக் கொடுத்து விடுதலை செய்கிறேன் என்று எழுதிப் படித்தாள். நாம் எழுதிய வழக்கில் நாமே தோற்றோம். அலுவலகத்தில் இப்போதெல்லாம் ஒருவர் மீது புகார் வந்தால், "யார் பார்த்தது?" என்று கேட்கும் வழக்கம் நமக்கு வந்திருக்கிறது.

அந்தத் துணைக்கேள்வி

இனிச் சொல்லப்போவது இக்கட்டுரைக்குக் காரணமானது.

பதினான்காம் கூட்டத்தில் பிள்ளைகள் தாமாகவே "சங்க விவகார அமைச்சர்" என்று ஒரு பதவியை உண்டாக்கினர். எதிர்க்கட்சியில் இருந்த பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி கேள்வி கொடுத்திருந்தாள்: நம் சங்கத்தில் வாக்குரிமையுள்ள உறுப்பினர் எத்தனை பேர்? அவர்களுள் பெண்கள் எத்தனை பேர்? அமைச்சராக இருந்த பையன் நம்மிடம் பதிவேட்டை வாங்கிப் பார்த்து வந்திருந்தான். "112 பேர், அவர்களுள் பெண்கள் 3 பேர்" என்று படித்தான். நம் சங்க விதிப்படி குடும்பத் தலைவருக்கு மட்டுமே வாக்கு. அம்மூவரும் கணவரை இழந்து குடும்பத்தைத் தாங்குபவர்.

அவள் எழுந்தாள். "தலைவர் அவர்களே, துணைக்கேள்வி. சென்னை மாகாணச் சட்டசபைத் தேர்தலில் பெண்களுக்கு வாக்குரிமை 1921இல் வந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அச்சபைக்கு 1926இல் நியமிக்கப்பெற்று, அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பெற்றார். நூறாண்டு கடந்தும், பொங்கல் விழாவிற்கு இருநூறு பேருக்குச் சமைக்கும் நம் தாய்மார்களுக்குச் சங்கத்தில் வாக்கு இல்லாதது ஏன் என்று அமைச்சர் அவர்கள் கூறுவார்களா?"

பையனிடம் இதற்கு எழுதிய விடை இல்லை. சற்று விழித்தான். பிறகு, தன் தந்தையார் போன்றோர் பேசக் கேட்டிருந்த சொல் அவன் நாவில் வந்தது: "அது பரிசீலனையில் இருக்கிறது." ஆளுங்கட்சியினர் மேசையைத் தட்டினர். அவள் மறுபடியும் எழுந்து, "எந்த நாள் முதல்?" என்றாள்.

கடிகாரத்தின் ஓசை கேட்டது. பையன் நம்மைப் பார்த்தான். நாம் அவனுக்கு உதவவில்லை. உதவ இயலவில்லை என்பதே உண்மை. காரியக் கமிட்டியில் ஆறாண்டுகளாக இருக்கிறோம்; இப்பொருள் ஒருமுறையும் பரிசீலனைக்கு வந்ததில்லை. பையன் மெல்லச் சொன்னான்: "தலைவர் அவர்களே, எனக்குத் தெரியாது. பரிசீலனையில் இல்லை என்றே நினைக்கிறேன். முன்பு சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்."

அன்று எவரும் கைதட்டவில்லை. போட்டியாக இருந்தால் அவனுக்கு மதிப்பெண் குறைந்திருக்கும். ஆனால் அமைச்சர் ஒருவர் சபையின் முன் "எனக்குத் தெரியாது, சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன்" என்று கூறுவதைவிட அரிய காட்சியை நாம் கண்டதில்லை. இந்தப் பதினான்கு கூட்டங்களும் வீண் போகவில்லை என்று அன்று உணர்ந்தோம்.

வீட்டில் இதைச் சொன்னோம். நம் இல்லாள் வடைக்கு மாவு அரைத்துக்கொண்டிருந்தாள். "பன்னிரண்டு வருஷமாகச் சங்கத்துக்கு வடை சுடுகிறேன். அந்தச் சங்கத்தில் நான் யார் என்று ஒருநாளும் நானே கேட்டதில்லை, அந்தக் குழந்தை கேட்டிருக்கிறாளே" என்றாள். அதற்கும் நம்மிடம் எழுதிய விடை இல்லை.

பெரியோர் முன் உள்ள தீர்மானம்

அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் விதித் திருத்தம் ஒன்றை எழுதிக் கொடுத்தோம். பதினெட்டு வயது நிறைந்த குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கு என்பது அதன் வாசகம். எதிர்ப்பு இருக்கிறது, மறைக்கவில்லை. சந்தா ஒரு குடும்பத்திற்கு ஒன்றுதானே, வாக்கு மட்டும் எப்படி நான்காகும் என்கின்றனர் சிலர். பெரிய குடும்பங்கள் சிறிய குடும்பங்களை அழுத்திவிடும் என்று அஞ்சுகின்றனர் வேறு சிலர். இவை எண்ணத்தக்க ஆட்சேபங்களே. சந்தாவை ஆளுக்கு இவ்வளவு என்று பகுக்கலாமா என ஆராயவும் வேண்டும். ஆனால், "பிள்ளைகளைத் தூண்டிவிட்டவர் நீர்" என்று நம்மைச் சாடியவர்களுக்கு ஒன்று சொல்வோம். கேள்வியைத் தந்தவர் நாமல்லோம். கேட்பதற்கு ஓர் இடமும், மூன்று நிமிடமும் மட்டுமே தந்தோம். இக்காரணத்தால் ஐந்து பிள்ளைகள் சபைக்கு வருவதில்லை, இருபத்தேழு இருபத்திரண்டாகிவிட்டது. அது நமக்கு வருத்தமே. அவர்கள் இருக்கைகளை எடுக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம்.

பிற ஊர்களில் இத்தகைய சபை தொடங்க விரும்பும் அன்பர்களுக்கு நாம் கூறுவது இதுவே. பெருஞ்செலவு இல்லை, ஒரு குடம், ஒரு மணி, ஒரு கடிகாரம் போதும். வசனம் எழுதித் தராதீர்கள். சீட்டுக் குலுக்கிக் கட்சி பிரியுங்கள். எல்லாவற்றிற்கும் மேலாக, பிள்ளைகள் உங்களைப் பற்றியே கேட்கப்போகும் நாள் ஒன்று வரும் என்பதை அறிந்து தொடங்குங்கள். அன்று விடை சொல்ல மனமில்லாதவர்கள் தொடங்காமல் இருப்பதே நேர்மை. பிள்ளைகளுக்கு மாதிரிச் சபையும், பெரியோர்க்கு வழக்கமான இரைச்சலும் என்றால், பிள்ளைகள் நம்பப்போவது இரைச்சலைத்தான்.

வரும் மகாசபையில் இத்திருத்தம் வாக்கெடுப்பிற்கு வருகிறது. மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். ஆதரிப்போரும் எதிர்ப்போரும் தவறாது வருக. தம் காரணங்களைத் தலைவரை நோக்கி எடுத்துரைக்க. பிள்ளைகள் சபையினர் பின்வரிசையில் குறிப்பேடுகளோடு அமர அனுமதி கேட்டிருக்கின்றனர், கமிட்டி அனுமதித்துவிட்டது. சென்ற ஆண்டும் அவர்கள் அங்கேதான் இருந்து நம்மைப் பார்த்தார்கள். நாற்காலியின் காலை ஒட்டவைத்தாயிற்று.